கார்த்திகை மீன்களை எண்ணுவது எப்படி?

திருக்கார்த்திகையன்று மொட்டை மாடியில் அகல் ஏற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தால் கார்த்திகை மீன்கள் என்னும் அந்தச் சிறு விண்மீன் கூட்டம் தெரியாது. முழுநிலா பக்கத்திலேயே நின்று அவற்றை விழுங்கிவிடும். விழாவே அந்தச் சேர்க்கைக்குத்தான். மீனை எண்ண வேறு நாள் வேண்டும். தீபம் முடிந்து ஆறு நாள் பொறுங்கள், நிலா எழ இரவு பத்து தாண்டிவிடும். அதிலிருந்து அமாவாசை கழிந்து மூன்று நாள் வரை முன்னிரவு இருட்டு.

மழைக்காலமாயிற்றே என்று விட்டுவிட வேண்டாம். பெருமழை ஓய்ந்து மேகம் விலகிய மறுநாள் இரவுதான் நல்லது. வடசென்னையில் மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தூசும் புகையும் கழுவிப் போயிருக்கும். வாய்க்கவில்லையா, தையிலும் பார்க்கலாம். போகி இரவை மட்டும் விட்டுவிடுங்கள்.

காசிமேட்டில் துறைமுக விளக்குகள் கண்ணைக் கூசும். திருவொற்றியூரில் கடல் பார்த்த மாடி ஒன்று கிடைத்தால் போதும். கரையோரக் கருங்கற்களில் இருட்டில் ஏறாதீர்கள், பாசி வழுக்கும். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று தெருவிளக்கை மறைத்துக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். நடுவில் ஒருமுறை வாட்ஸாப் பார்த்தால் கணக்கு முதலிலிருந்து.

டிசம்பர் முதல் வாரத்தில் இரவு ஏழு மணிக்குக் கிழக்கில், சற்று வடக்கே தள்ளிப் பாருங்கள். கையை நீட்டி முஷ்டிமேல் முஷ்டி வைத்தால், அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரம். ஒன்பது மணிக்கு ஆறு. அதற்குக் கீழே ஒன்றரை முஷ்டி தள்ளிச் செம்மஞ்சளாக மின்னுவது ரோகிணி என்னும் விண்மீன். பலர் கோட்டைவிடுவது அளவில்தான். பெரிய கூட்டமாகத் தேடுகிறார்கள். கார்த்திகையோ நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம். முதலில் ஊதிவிட்ட விபூதிபோல ஒரு திட்டுத் தெரியும். நேராக முறைக்காமல் கொஞ்சம் ஓரமாகப் பாருங்கள், புள்ளிகள் பிரியும். விழித்திரையின் நடுப்பகுதிக்கு மங்கலொளி பிடிபடாது.

இனி எண்ணிக்கை. ஒளியளவில் மிகப் பிரகாசமான முதல் மீன் 2.9, அடுத்தவை 3.6, 3.7, 3.9, 4.2, ஆறாவது 4.3. எண் ஏற ஏற ஒளி குறையும். ஒரு படிக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆக ஆறாவது மீன் முதலாவதைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் மங்கல். எத்தனை எண்ணினீர்களோ, அதுவே உங்கள் மாடியின் இருட்டுக்கு அளவு. நான்கு தெரிந்தால் 3.9 வரை திறந்த வானம். ஆறும் தெரிந்தால் ஊரிலேயே அதிர்ஷ்டசாலி நீங்கள். ஏழு என்பவரிடம் இன்னொரு முறை எண்ணச் சொல்லுங்கள்; 5.0 ஒளியுள்ள அந்த ஏழாவது, நகரத்துக்குள் வெறுங்கண்ணுக்குச் சிக்குவது அபூர்வம்.

இந்த இரண்டரை மடங்குக் கணக்கை 1856-இல் வகுத்தவர் நார்மன் போக்சன். 1861 முதல் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தை நடத்தியவர். அவர் மகள் ஐசிஸ் போக்சன் 1873 முதல் அங்கே கணக்கிடும் வேலையில் இருந்தார். 1886-இல் லண்டன் அரச வானியல் சங்கத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பெண் என்பதால் கிடைக்காத உறுப்பினர் இடம் 1920-இல்தான் வந்தது.

முருகனுக்குப் பாலூட்டிய ஆறு பெண்கள்தான் இந்தக் கார்த்திகை மீன்கள் என்பது கதை. சப்தரிஷிகளின் மனைவியரில் ஆறு பேர் என்றும் ஒரு கதை உண்டு. ஏழாமவள் அருந்ததி வசிட்டரோடு வடக்கே நின்றுவிட்டாள். டிசம்பரில் அவளைப் பார்க்க விடிகாலை ஐந்துக்கு எழ வேண்டும்.

பார்த்ததை வரைய கறுப்புத் தாளும் வெள்ளைப் பென்சிலும் போதும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள். கோலம்போல முதலில் எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவில் வையுங்கள். இடைவெளி சரியான பிறகே பிரகாசமானதைப் பெரிதாக்குங்கள். முதலிலேயே பெரிதாக வைத்தால் பக்கத்து மீனுக்கு இடம் இருக்காது. மூலையில் தேதி, நேரம், எண்ணிக்கை. பைனாகுலர் வைத்திருப்பவர்கள் லென்ஸை முந்தானையில் துடைக்க வேண்டாம். கடற்காற்றின் உப்பு அதில் படிந்திருக்கும், கீறிவிடும். அமுக்கினால் காற்றடிக்கும் ரப்பர் ஊதுபந்தால் ஊதிவிட்டு, பிறகு லென்ஸ் துணி.