கட்டியை அச்சிடும் முன்: பயோபிரிண்டிங் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம், மதியம் இரண்டு மணி. கரண்ட் போனதும் ஜெனரேட்டர் இன்குபேட்டரைப் பிடித்துக்கொண்டது, ஏசி ஓடவில்லை. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, பயோபிரிண்டர் ஊசியிலிருந்து நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்த ஜெலட்டின் மை சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. அந்த மைக்குள் இருந்தவை பத்து நாள் வளர்த்த பெருங்குடல் புற்றுநோய் செல்கள். நாங்கள் வைத்திருந்த செய்முறையில் ‘அறை வெப்பநிலையில் அச்சிடவும்’ என்றுதான் இருந்தது. அதை எழுதியவர்களின் அறை 20, 22 டிகிரியில் இருந்திருக்கும். புதுச்சேரியில் மே மாதத்து அறை அப்படி இருக்காது. ஜெலட்டின் மை 25 டிகிரிக்குக் கீழே கெட்டிப்படும், 30ஐத் தாண்டினால் இளகி ஓடிவிடும். அன்றிலிருந்து மை, தட்டு, அறை மூன்றின் வெப்பநிலையையும் தனித்தனியாக நோட்டில் எழுதுகிறோம். கோடையில் அச்சு வேலையைக் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுகிறோம்.

இந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு: முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மாவுக்குப் பதில் ஜெல், அதற்குள் உயிருள்ள செல்கள். அழுத்தினால் ஊசி வழியே இழையாக வரும். அடுக்கடுக்காகப் போட்டு, ஒளியாலோ கால்சியத்தாலோ இறுக வைப்போம். பிளாஸ்டிக் தட்டில் ஒரே படலமாகப் பரவி வளரும் புற்றுச் செல், உடம்புக்குள் இருக்கும் கட்டி மாதிரி நடந்துகொள்வதில்லை. மருந்துக்கு அது காட்டும் பதிலும் வேறு. அதனால்தான் இத்தனை பாடு.

மை ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், அன்றைக்கே திருத்திக்கொள்ளலாம். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. அச்சு படம் எடுக்கிற அளவுக்கு அழகாக வந்திருக்கும்; ஆனால் அது கட்டியாக இருக்காது.

முதலில் செல்லின் அடையாளம். பழைய ஃபிரீசர்களில் ‘சாங் லிவர்’, ‘இன்டெஸ்டைன் 407’ என்ற பெயர்களில் செல்கள் கிடக்கும். பெயரைப் பார்த்தால் ஒன்று கல்லீரல், மற்றொன்று குடல். இரண்டுமே உண்மையில் ஹீலா செல்கள். 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டு, பிறகு பல ஆய்வகங்களில் மற்ற செல்களுக்குள் கலந்து அவற்றையே விழுங்கிவிட்டவை. குடல் புற்று மாதிரி என்று நம்பி இவற்றை அச்சிட்டால் கட்டுரையின் முதல் வரியிலிருந்தே பொய். ஹெப்-ஜி2 செல்லிலும் கவனம் வேண்டும். பெரியவர்களுக்கு வரும் சாதாரணக் கல்லீரல் புற்று என்று அதைப் பல காலம் நினைத்திருந்தார்கள். அது ஹெப்படோபிளாஸ்டோமா, பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் வகை. செல் எங்கிருந்து வந்தாலும், பக்கத்து ஆய்வக நண்பர் அன்பாகக் கொடுத்ததாகவே இருந்தாலும், எஸ்டிஆர் எனப்படும் மரபணு அடையாளச் சோதனையையும் மைக்கோபிளாஸ்மா சோதனையையும் முடித்த பிறகே மையில் கலக்க வேண்டும். மைக்கோபிளாஸ்மா மிகச் சிறிய பாக்டீரியா; செல் வளரும் சத்துக் கரைசலான மீடியாவைக் கலங்கவும் வைக்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியவும் தெரியாது.

அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவை நேரடியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. மார்புக் கட்டி மாதிரி இல்லை குடல் கட்டி. அது கிருமிகளுக்கு நடுவிலேயே வளர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் எடுத்து வரும்போது ராஜீவ் காந்தி சிலைச் சந்திப்பில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டால் அதுவே பெரிய விஷயம். ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சைக்கொல்லியும் கலந்த குளிர்ந்த கரைசலில் பல முறை கழுவ வேண்டும். சோம்பல்பட்டு இரண்டு கழுவலோடு நிறுத்திய ஒரு திசு, மறுநாள் காலையில் கிருமி பெருகித் தட்டு முழுவதையும் மஞ்சளாக்கி வைத்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு நோயாளி இருக்கிறார், அந்தத் திசு மறுபடி கிடைக்காது.

அடுத்தது, புற்றுச் செல்லை மட்டும் அச்சிட்டுவிட்டு அதைக் கட்டி என்று சொல்வது. கணையக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெரும்பகுதி புற்றுச் செல்லே இல்லை. ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் நார்த்திசுச் செல்களும் அவை சுரக்கும் கொலாஜன் என்ற புரதமும் சேர்ந்த இறுகிய நார்த்திசு. மருந்து உள்ளே போக விடாமல் தடுப்பதில் அந்த நாருக்கும் பங்கு உண்டு. அதை விட்டுவிட்டுச் செய்யும் மாதிரியில் மருந்து நன்றாகத்தான் வேலை செய்யும். குறைந்தபட்சம் ஃபைப்ரோபிளாஸ்ட் சேருங்கள், கொலாஜன் சேருங்கள். மாட்ரிஜெல் என்ற ஆயத்த ஜெல் வசதியானதுதான், ஆனால் அது எலியின் கட்டியிலிருந்து எடுப்பது, பேட்சுக்குப் பேட்ச் மாறும்.

ஆல்ஜினேட்டில் நாங்கள் பட்டது தனி. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள் அது. கால்சியம் குளோரைடு பட்டதும் இறுகிவிடும், விலையும் குறைவு. சேர்ந்து ஒரு மாதமே ஆன மாணவி ஒருவர் அருமையான வலைப்பின்னல் ஒன்றை அச்சிட்டு, நிறம் ஏற்றுவதற்கு முன் வழக்கம்போல பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் கழுவினார். இரண்டாவது கழுவலில் வலையின் மூலைகள் உப்பின. மூன்றாவதில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்தன. நான்காவதில் பிப்பெட் நுனிக்குள் எல்லாமே ஏறிவிட்டது. பிபிஎஸ்ஸில் இருக்கும் பாஸ்பேட் கால்சியத்தை ஜெல்லிலிருந்து உருவிவிடும். யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். பாஸ்பேட் இல்லாத, கொஞ்சம் கால்சியம் சேர்த்த கரைசலில் கழுவுங்கள். வளர்ப்பு மீடியாவிலும் பாஸ்பேட் உண்டு, ஆகவே ஏழாம் நாள் ஜெல் முதல் நாள் ஜெல்லைவிட மென்மையாக இருக்கும். ஜெல்லின் இறுக்கமே செல்லின் நடத்தையை மாற்றும் என்பதால் அதையும் அளந்துகொள்ளுங்கள். இன்னொன்று, வெறும் ஆல்ஜினேட்டில் செல் பற்றிக்கொள்ள இடமே கிடையாது. ஜெலட்டினோ கொலாஜனோ கலந்தாக வேண்டும்.

ஊசி விஷயத்துக்கு வருவோம். மெல்லிய இழை வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. உள்விட்டத்தைப் பாதியாக்கி அதே அளவு மையை அதே நேரத்தில் தள்ளினால், தண்ணீர் போன்ற திரவத்தில் ஊசிச் சுவரோர உராய்வு 8 மடங்காகும். பயோஇங்க், அதாவது செல் கலந்த இந்த மை, அழுத்தத்தில் இளகும் குணமுள்ளது, அந்த அளவுக்கு ஏறாது; ஆனாலும் செல் அடிபடும். அடிபட்ட செல் உடனே சாவதும் இல்லை. அச்சிட்ட ஒரு மணி நேரத்தில் நிறம் ஏற்றிப் பார்த்து, எல்லாம் பச்சையாக மின்னுகிறது, அதாவது உயிரோடு இருக்கிறது, என்று சந்தோஷப்படாதீர்கள். 24 மணி நேரம், 72 மணி நேரம் கழித்தும் பாருங்கள்.

இழை தடிமனாக இருந்தாலும் சிக்கல்தான். ஆக்சிஜன் திசுவுக்குள் 100 முதல் 200 மைக்ரான் (0.1 முதல் 0.2 மி.மீ.) வரைதான் போதுமான அளவில் எட்டும். அதைத் தாண்டிய நடுப்பகுதி மூச்சுத் திணறும். நிஜக் கட்டியின் நடுவிலும் இப்படி நடக்கிறது, அதனால் இது வேண்டாத விஷயம் இல்லை. ஆனால் எவ்வளவு ஆழத்தில், எந்த நாளிலிருந்து என்று அளக்காமல் விட்டால், பிறகு மருந்துச் சோதனை முழுவதையும் அது குழப்பும். அச்சிட்ட மாதிரியில் 5-ஃப்ளோரோயுரசில் என்ற புற்றுநோய் மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று வையுங்கள். அது நிஜமான மருந்து எதிர்ப்பா, நடுவில் இருக்கும் செல்கள் பெருகாமல் கிடப்பதாலா, மருந்து ஜெல்லிலேயே தங்கிவிட்டதா? இதைப் பிரித்துச் சொல்ல ஒரே வழி ஒப்பீடுகள்: அதே செல்லை அதே ஜெல்லில் அச்சிடாமல் ஊற்றி வைத்தது ஒன்று, சாதாரணத் தட்டில் வளர்த்தது ஒன்று, செல்லே இல்லாத வெறும் ஜெல் ஒன்று. உயிருள்ள செல்களைச் சாயத்தால் அளக்கும் எம்டிடி சோதனையையும் தட்டிலிருந்து அப்படியே கொண்டுவராதீர்கள். சாயம் ஜெல்லுக்குள் மெதுவாகத்தான் போகும், ஊதாப் படிகம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை அளக்க முப்பரிமாண மாதிரிகளுக்கென்றே உள்ள கிட் இதற்குப் பொருத்தம்.

ஒரே மைக் குழாயில் (கார்ட்ரிட்ஜ்) இருந்து தட்டின் 24 குழிகளை நிரப்பிவிட்டு 24 மாதிரி என்று எழுதுவதும் தவறு. அது ஒரு மாதிரி. வேறு நாளில், வேறு பேட்ச் செல்லில், புதிதாகக் கலந்த மையில் திரும்பச் செய்தால்தான் இரண்டாவது.

கடைசித் தவறு என் வாயிலிருந்து வந்தது. பண்ருட்டியிலிருந்து அப்பாவை அறுவை சிகிச்சைக்கு அழைத்து வந்திருந்த ஒருவர், திசு கொடுப்பதற்கான ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “சார், இத வெச்சு அப்பாவுக்கு எந்த மருந்து கேக்கும்னு சொல்லிடுவீங்களா?” நான் “பார்க்கலாம்” என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. திசுவிலிருந்து செல் பிரித்து, வளர்த்து, அச்சிட்டு, மருந்து போட்டுப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். பாதித் திசுக்களில் செல் வளரவே வளராது. எங்கள் மாதிரி இன்னும் எந்த நோயாளியின் சிகிச்சையையும் தீர்மானிக்கும் நிலையில் இல்லை. மறுநாள் வார்டுக்குப் போய் அவரிடம் அதைச் சொன்னேன். பிறகு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு படிவத்தை மாற்றினோம். இப்போது அதன் முதல் வரியே இதுதான், கையெழுத்துக்கு முன் நாங்களே வாசித்தும் காட்டுகிறோம்: “நீங்கள் தரும் திசுவில் நடக்கும் ஆய்வு உங்கள் சிகிச்சையை மாற்றாது. தர விருப்பமில்லை என்றாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் இருக்காது.”