புளியங்கொட்டை, மொச்சை, கடுகு: அயனிக் கணக்கு போடும் வழி

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டு ஹாலில் டியூஷன் எடுக்கிறேன். வருடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "சோடியம் ஒரு எலக்ட்ரானை இழந்தால் மைனஸ்தானே ஆகணும், மிஸ்? ஏன் பிளஸ்?" எலக்ட்ரானை இழந்தோ வாங்கியோ மின்னூட்டம் பெற்ற அணுதான் அயனி. ஆனால் இழப்பு என்றாலே கழித்தல் என்று மனது பழகிவிட்டது. இதைக் கரும்பலகையில் திருத்தி அலுத்துப்போய்தான் சமையலறை டப்பாக்களைத் திறந்தேன்.

தரையில் கோலமாவால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போடுங்கள். நடுவில் ஒரு கிண்ணம், அதுதான் அணுக்கரு. மின்விசிறியை அணைத்துவிடுங்கள், மாவு பறக்கும். புளியங்கொட்டை புரோட்டான், மொச்சை நியூட்ரான், கடுகு எலக்ட்ரான்.

சோடியத்தின் அணு எண், அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை, 11; புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த நிறை எண் 23. கிண்ணத்தில் 11 புளியங்கொட்டை, 12 மொச்சை. வட்டக் கோடுகளின் மேல் உள்ளிருந்து வெளியே 2, 8, 1 என்று கடுகு.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். இத்தனை பெரிய கொட்டையும் இத்துனூண்டு கடுகும் எப்படிச் சமம் என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். எலக்ட்ரானின் நிறை புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ 1836-இல் ஒரு பங்குதான். ஆனால் மின்னூட்டத்தின் அளவு இரண்டுக்கும் ஒன்றே: 1.602 × 10⁻¹⁹ கூலும். புரோட்டானுக்கு அது நேர், எலக்ட்ரானுக்கு எதிர். கணக்கில் இதை +1, −1 என்று எழுதிக்கொள்கிறோம். எடையைப் பார்த்து மின்னூட்டத்தைச் சொல்ல முடியாது.

மொச்சைக்குச் சுழி. "அதுக்குள்ளே ஒண்ணுமே இல்லையா?" என்று ஒருத்தி விடாமல் கேட்டாள். இருக்கிறது. குவார்க் என்னும் இன்னும் சிறிய துகள்கள்: +2/3 உள்ள அப் குவார்க் ஒன்று, −1/3 உள்ள டவுன் குவார்க் இரண்டு, கூட்டினால் சுழி. பரீட்சைக்கு இது வேண்டாம், ஆனால் கேட்ட பிள்ளைக்குச் சொல்லாமல் விடக்கூடாது.

இனி ஒரே ஒரு கட்டளை: கிண்ணத்தில் கை வைக்கக் கூடாது. வேதிவினையில் அணுக்கரு மாறாது. வருவதும் போவதும் கடுகு மட்டுமே. வெளிவட்டத்துக் கடுகை எடுத்துவிட்டு எண்ணச் சொல்லுங்கள். கொட்டை 11, கடுகு 10. ஆக +1. எலக்ட்ரானைக் கடன் மாதிரி நினைக்கச் சொல்வேன். கடன் ஒன்று கழிந்தால் கையிருப்பு ஏறத்தானே செய்யும்?

எடுத்த கடுகை, பக்கத்திலேயே இதே மாதிரி போட்டு வைத்திருக்கும் குளோரினுக்குக் கொடுங்கள். அங்கே கொட்டை 17, கடுகு 17 இருந்தது. இப்போது கடுகு 18. ஆக −1. பிளஸும் மைனஸும் ஒன்றையொன்று இழுத்துச் சேர்ந்ததுதான் சாப்பாட்டு உப்பு.

அப்புறம் நோட்டில் எழுதலாம்: புரோட்டான் எண்ணிக்கையிலிருந்து எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கழித்தால் அயனியின் மின்னூட்டம். +3 அலுமினிய அயனியில் எத்தனை எலக்ட்ரான் என்று கேளுங்கள். 13-இல் 3 போய் 10. 16 என்று எழுதுகிறவர்களை மறுபடி தரைக்கு அனுப்புங்கள்.

முடிந்ததும் கடுகை எண்ணி டப்பாவில் போடச் சொல்வேன். ஒன்று குறைந்தால், எந்த அணு பிளஸ் ஆகிவிட்டது என்று அவர்களே தேடட்டும்.