கடைசி வரிசைப் பிள்ளையின் கட்டைவிரலைப் பாருங்கள்

என் மகளை எட்டு வயதில் ஒரு கராத்தே வகுப்பில் சேர்த்தேன். மாதக் கட்டணம் தனி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட் தேர்வு, அதற்கும் தனிக் கட்டணம். ஒன்பது மாதத்தில் வெள்ளை போய், மஞ்சள் போய், ஆரஞ்சு பெல்ட் கட்டி நின்றாள். ஊரிலிருந்து வந்திருந்த என் தாய்மாமா சின்ன வயதில் கம்பு சுற்றியவர். "எங்க, ஒரு குத்து விடு பாப்போம் தாயி" என்று உள்ளங்கையை நீட்டினார். அவள் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள்ளே மடக்கிவைத்துக் குத்த வந்தாள். மாமா பாதியிலேயே கையைப் பிடித்துவிட்டார். "இப்பிடிக் குத்துனா எதிராளிக்கு ஒண்ணும் ஆகாது தாயி, உன் விரல்தான் ஒடியும்."

ஒன்பது மாதமாக அந்தச் சின்னக் கையை ஒருவர்கூட பிடித்துப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த ஒன்றரை மாதம் மதுரைக்குள் ஏழு வகுப்புகளுக்கு நேரில் போய் உட்கார்ந்து பார்த்தேன். இப்போது அவள் ஜூடோ பழகுகிறாள். நான் 39 வயதில் சிலம்பம் தொடங்கினேன், இது நான்காவது வருடம். கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்குப் பார்க்கிறவள் நான். கடைக்கு வருகிறவர்களும் தெருக்காரர்களும் "எந்தக் கலைல சேக்கலாம்க்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

கலையின் பெயரை முதலில் முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் என்னென்ன வகுப்பு இருக்கிறது என்று பாருங்கள். எனக்குக் கேரளத்துக் களரி பழக ஆசை இருந்தது. ஆனால் நான் இருக்கிற விளாங்குடியிலிருந்து ஊரின் மறுகோடிக்கு, சாயங்கால நெரிசலில், வேலை முடிந்த களைப்போடு வாரம் மூன்று நாள் போக முடியுமா? இரண்டு வாரம் போயிருப்பேன், மூன்றாவது வாரம் நின்றிருப்பேன். நடந்தே போகிற தூரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் சிலம்பம் நடந்தது. அதனால்தான் நான்கு வருடமாக விடாமல் போகிறேன்.

தேடுவதற்கு முதலில் கால்நடையாகவே கிளம்புங்கள். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு வரை, இல்லாவிட்டால் விடிகாலையில், உங்கள் பகுதியின் பள்ளி மைதானம், மாநகராட்சிப் பூங்கா, கோயில் பொட்டல், மண்டபத்து மொட்டைமாடி என்று ஒரு சுற்று வாருங்கள். பல நல்ல வாத்தியார்களுக்குப் போர்டும் கிடையாது, நோட்டீஸும் கிடையாது. கம்பு காற்றைக் கிழிக்கிற சத்தத்தை வைத்துத்தான் நான் எங்கள் வாத்தியாரைக் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்து பி.டி. சாரைக் கேளுங்கள். விளையாட்டுச் சாமான் கடைக்காரரையும் கட்டாயம் கேளுங்கள். எந்த மாஸ்டரின் பிள்ளைகள் வருடக்கணக்கில் வந்து அளவு பெரிதான உடுப்பு வாங்குகிறார்கள், எந்த வகுப்பில் புதுப்பிள்ளைகள் மட்டும் வந்து வந்து போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இன்னொரு இடம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட விளையாட்டரங்கம். மதுரையில் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம், திருச்சியில் அண்ணா விளையாட்டரங்கம், கோவையில் நேரு விளையாட்டரங்கம். அங்குள்ள அலுவலகத்தில் எந்தெந்த விளையாட்டுக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், எத்தனை மணிக்கு, எந்த வயதுக்கு என்று கேளுங்கள். இதையெல்லாம் தொலைபேசியில் கேட்பதைவிட நேரில் போய்க் கேட்பது நல்லது. மைதானத்தில் யார் என்ன பழகுகிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு வரலாம்.

வகுப்பு கிடைத்ததும் உடனே பணம் கட்டாதீர்கள். ஒரு முழு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக்கூடாது என்று சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள், அதற்கு மேல் பேச எதுவும் இல்லை. பார்க்கும்போது முன்வரிசையைப் பார்க்காதீர்கள். அங்கே பல வருடம் பழகிய பிள்ளைகள்தான் நிற்பார்கள், எந்த வகுப்பிலும் அவர்கள் நன்றாகத்தான் செய்வார்கள். கடைசி வரிசையில் ஓரமாக ஒரு பிள்ளை நிற்கும், புதிதாகச் சேர்ந்ததாக இருக்கும், இல்லாவிட்டால் கொஞ்சம் குண்டாகவோ பயந்தோ இருக்கும். அந்தப் பிள்ளையின் கட்டைவிரல் எங்கே இருக்கிறது, பின்னங்கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு, அதை மாஸ்டர் பார்க்கிறாரா என்று பாருங்கள். நான் போன ஏழு இடங்களில் இரண்டே இரண்டு பேர்தான் கடைசி வரிசைவரை நடந்து வந்தார்கள். ஒருவர் இன்று என் வாத்தியார், இன்னொருவர் என் மகளின் மாஸ்டர்.

எங்கள் வாத்தியார் அன்றைக்கு ஒரு ஆறு வயதுப் பையனின் பாதத்துக்குப் பக்கத்தில் கம்பு நுனியால் மண்ணில் கோடு போட்டு, "இந்தக் கோட்டுல மிதி சாமி" என்றார். பையன் மிதித்தான். தப்பாகப் போனது. இன்னொரு கோடு போட்டார். கால்மணி நேரம் அந்த ஒரு அடியிலேயே நின்றார். காலடி சரியாகாமல் அவர் யார் கையிலும் கம்பைச் சுற்றவிடுவதில்லை என்பது பிறகு தெரிந்தது. எனக்கே இரண்டு மாதம் காலடிதான்.

இனி ஒவ்வொரு கலையும் முதல் ஆறு மாதத்தில் உடம்பிடம் என்ன கேட்கும் என்று சொல்கிறேன். சிலம்பத்தில் முதலில் வலிப்பது மணிக்கட்டு, அப்புறம் தோள். கைக்குக் கொப்புளம் வரும், காய்த்துப்போகும். ஆனால் உங்கள் வேகத்தில் கற்கலாம், ஆள் மேல் ஆள் விழ வேண்டியதில்லை, ஐம்பது வயதிலும் தொடங்கலாம். செலவும் குறைவு. உங்கள் நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு போதும். கல்மூங்கில் கனமாக இருக்கும், தொடக்கத்தில் வேண்டாம். லேசான கம்பை வாத்தியாரே எடுத்துக் கொடுப்பார். அலங்காரச் சுற்று மட்டும் சொல்லித்தருகிறார்களா, எதிராள் நின்று அடியும் தடையும் பழகுவதும் உண்டா என்று கேளுங்கள். சுற்று பார்க்க அழகாக இருக்கும், எதிரே ஒரு கம்பு வரும்போதுதான் கலை புரியும்.

ஜூடோவை ஜிகோரோ கானோ 1882-இல் ஜப்பானில் தொடங்கினார். முதல் சில வாரம் விழத்தான் கற்றுத்தருவார்கள். என் மகள் ஒருமுறை சைக்கிளிலிருந்து சரிந்தபோது கையை ஊன்றாமல் உருண்டு எழுந்தாள், எனக்கு அதுவே போதும். ஆனால் மெத்தை விரிப்பு இல்லாமல் சிமென்ட் தரையில் ஜூடோ நடக்கிறது என்றால் அந்த இடத்தில் சேராதீர்கள். சட்டையைப் பிடித்து நெருங்கிச் செய்கிற கலை என்பதால் பெண் பிள்ளைகளோடு பழகப் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கராத்தேதான் நம் தெருக்களில் சுலபமாகக் கிடைப்பது. ஷோட்டோகான், கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ என்று பிரிவுகள் பல. தொடங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை, மாஸ்டர் யார் என்பதுதான் பெரிது. மகள் படித்த வகுப்பின் மேல் எனக்கு வருத்தம் உண்டு, கராத்தே மேல் இல்லை. நான் பேசிய மூத்த மாஸ்டர்கள் எல்லோருமே ஒழுங்காகப் பழகினால் கருப்பு பெல்ட்டுக்கு நான்கைந்து வருடம் ஆகும் என்றார்கள். இரண்டு வருடத்தில் தருகிறேன் என்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். டேக்வாண்டோ காலுக்கு முதலிடம் தருவது, இடுப்பும் தொடையும் நன்றாக வளைய வேண்டும். அதிலே ஒரு சோதனை உண்டு: சியோலில் உள்ள குக்கிவோன் வழங்கும் முறையில் 15 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு டான் என்கிற கருப்பு பெல்ட் தரம் கிடையாது, பிள்ளைகளுக்கான பூம் என்ற சான்றுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு டான் வாங்கித் தருவதாகச் சொன்னால் விசாரியுங்கள். குத்துச்சண்டை மூச்சுத்திறனை வளர்ப்பதுபோல வேறொன்றும் வளர்க்காது, ஆனால் சேர்ந்த மாதமே எதிரெதிர் நிறுத்தி முகத்தில் குத்தவிடுகிற இடம் ஆகாது.

பிள்ளைக்குப் போட்டி, வேலைவாய்ப்பு என்று யோசிக்கிறவர்களும் உண்டு, அதில் தவறில்லை. ஜூடோ 1964-இலும் டேக்வாண்டோ பதக்க விளையாட்டாக 2000-இலும் ஒலிம்பிக்கில் நுழைந்தன. கராத்தே டோக்கியோவில் மட்டும் இருந்தது, 2024 பாரிஸில் இல்லை. தமிழக அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் 2021-இல் சிலம்பம் சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. ஆனால் எந்தச் சான்றிதழாக இருந்தாலும் செல்லும் என்று நினைக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்துகிற போட்டிதானா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். "உலக சாதனை" என்று பிள்ளைகளை வெயிலில் மணிக்கணக்கில் கம்பு சுற்றவைத்து, கேடயத்துக்குப் பெற்றோரிடமே பணம் வாங்கும் நிகழ்ச்சிகளுக்கு என் பிள்ளையை அனுப்பமாட்டேன். உங்கள் பிள்ளையையும் அனுப்பாதீர்கள் என்றே சொல்வேன்.

பணம் பற்றிப் பேசும்போது மாதக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். "ஒரு வருஷத்துக்கு எல்லாம் சேத்து எவ்வளவு ஆகும் மாஸ்டர்?" என்று கேளுங்கள். உடுப்பு, பெல்ட் தேர்வு, போட்டி, பயணம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பேனரில் படம் போட்டிருக்கிறவர்தான் தினமும் வருவாரா, மூத்த மாணவர்கள் நடத்துவார்களா என்பதையும் கேளுங்கள். மூத்த மாணவர் நடத்துவது தப்பில்லை, ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால் வேண்டாம் என்று சொல்லி ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வகுப்பு எங்கே நடக்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த மைதானத்தில் நடக்கும் பல வகுப்புகள் அந்த இரண்டு மாதம் நடப்பதே இல்லை, கட்டணம் மட்டும் வாங்குகிறார்கள்.

பெண்களும் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களும் இதைக் கவனமாகப் படியுங்கள். நிலையைத் திருத்தும்போது மாஸ்டர் எப்படித் தொடுகிறார், தொடுமுன் சொல்கிறாரா என்று பாருங்கள். என் வாத்தியார் கம்பு நுனியால் காட்டுவார், தேவைப்பட்டால் "கையைப் பிடிக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் பிடிப்பார். உடுப்பு மாற்றத் தாழ்ப்பாளுள்ள இடம் வேண்டும். தனி வகுப்பு, தனி அறை, வெளியூர்ப் போட்டிக்குப் பெற்றோர் வரவேண்டாம் என்கிற பேச்சு வந்தால் அன்றோடு நிறுத்துங்கள். பிள்ளைக்கு ஏதாவது நடந்துவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் மைதானத்துக்கும் பொருந்தும். பிள்ளை திடீரென்று "நான் கிளாசுக்குப் போகமாட்டேன்" என்றால் சோம்பல் என்று திட்டுவதற்கு முன் மடியில் உட்காரவைத்துக் கேளுங்கள்.

முழங்கால் வலி, ரத்த அழுத்தம், பழைய முறிவு, அறுவைசிகிச்சை எது இருந்தாலும் மருத்துவரிடமும் மாஸ்டரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். எனக்கு இடது முழங்காலில் தேய்மானம் உண்டு. தாழ்ந்து உட்கார்ந்து செய்கிற அடிகளில் பாதிவரை போனால் போதும் என்று வாத்தியார் முதல் வாரமே மாற்றிக் கொடுத்துவிட்டார். பெரியவர்களுக்கென்று தனி வரிசை இல்லாததால் நான் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளோடுதான் நின்று பழகினேன். அவர்கள் பெரியவள் என்று பார்க்கவில்லை, "அத்தை, கால் மாத்து" என்று திருத்தினார்கள்.

முதல் நாள் போகும்போது சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். வளையல், மோதிரம், கொலுசு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும், தாலிச்சங்கிலியை உள்ளே போட்டு ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். சுடிதார் போதும், துப்பட்டாவைக் குறுக்காக இடுப்போடு இறுக்கிக் கட்டிவிடுங்கள். உடுப்பு வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் போதும். எங்கள் மைதானத்தில் வகுப்பு தொடங்குமுன் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, சலாம் வரிசை என்கிற வணக்க அடிகளை எடுப்போம், புதியவர்களும் அதிலேயே சேர்ந்துகொள்ளலாம்.