தோற்கும் அணியைத் தூக்கி நிறுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் ஓர் அணி எவ்வளவு மோசமாக ஆடினாலும் அதைக் கீழ்ப்பிரிவுக்கு இறக்க மாட்டார்கள். கால்பந்து லீக்குகளில் இருக்கும் அந்தப் பயம் இங்கே கிடையாது. அதற்கு நேர்மாறாக, கடைசியில் நிற்கும் அணிகளுக்குத்தான் அடுத்த டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் இளம் வீரரை எடுக்கும் வாய்ப்பு அதிகம். நிர்வாகங்கள் சறுக்கும் முதல் இடமே இதுதான். சரி, தோற்றுக்கொண்டே இருப்போம், ஒருநாள் நட்சத்திரம் கிடைப்பான் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கை ஒளிவுமறைவில்லாமல் போட்டது பிலடெல்பியா. 2013-இல் பொது மேலாளராகப் பொறுப்பேற்ற சாம் ஹிங்கி காலத்தில் மூன்று சீசன்களில் முறையே 19, 18, 10 வெற்றிகள். 246 ஆட்டங்களில் 199 தோல்வி! அதற்குப் பலனே இல்லை என்று சொல்ல முடியாது; ஜோயல் எம்பீட் வந்தார், 2023-இல் சீசனின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருதும் வாங்கினார். ஆனால் 2013, 2014, 2015 மூன்று டிராஃப்டுகளிலும் அந்த அணி முக்கியமாகத் தேடிப் பிடித்தது சென்டர் ஆடும் உயரமான வீரர்களைத்தான். நெர்லென்ஸ் நோயல், எம்பீட், ஜலீல் ஒகாஃபோர் என்று கூடையடியில் நிற்க மூன்று பேர், அவர்களுக்குப் பந்து கொண்டுவந்து கொடுக்க ஆளில்லை. 2018 முதல் 2024 வரை ஏழு முறை தொடர்ந்து பிளேஆஃப் என்ற கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குப் போயும் அந்த அணி இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை.

அதன் பிறகு லீக்கும் விழித்துக்கொண்டது. கடைசி அணிக்கு முதல் தேர்வு விழும் வாய்ப்பு முன்பு 25 சதவீதம். டிராஃப்ட் வரிசையை முடிவுசெய்யும் குலுக்கலான லாட்டரியில் 2019 முதல் அதை 14 ஆகக் குறைத்து, கடைசி மூன்று அணிகளுக்கும் சமமாக்கினார்கள். விளைவைப் பாருங்கள்: 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் கடைசி இடத்தில் முடித்த அணிக்குக் கிடைத்தது ஐந்தாவது தேர்வு. அந்த விதிப்படி கடைசி அணி அதற்குக் கீழே இறங்கவே முடியாது. இதில் இரண்டு முறை அடிபட்டது டெட்ராய்ட், ஒரு முறை யூட்டா.

டெட்ராய்ட் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த தவறு அங்கேதான் அப்பட்டமாகத் தெரிகிறது. 2023-24 சீசனின் முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டில் வென்றார்கள். பிறகு தொடர்ந்து 28 தோல்வி. ஒரே சீசனுக்குள் அவ்வளவு நீளமான தோல்வித் தொடர் அதற்கு முன் இல்லை. சொந்த அரங்கிலேயே ரசிகர்கள் "அணியை விற்றுவிடு" என்று கத்தினார்கள். டிசம்பர் 30-ஆம் தேதி டொராண்டோவை 129-127 என்று தட்டுத்தடுமாறி வென்றபோதுதான் மூச்சு வந்தது. திறமைக்கா பஞ்சம்? 2021-இன் முதல் தேர்வான கேட் கன்னிங்காம் அணியில்தான் இருந்தார். ஆனால் அவரைச் சுற்றி நின்ற பலருக்கு வெளியிலிருந்து எறிந்து கூடையில் போடத் தெரியாது. எதிரணி ஐந்து பேரும் உள்ளே குவிந்துவிட்டால் அவர் எந்தப் பக்கம் போவார்? பயிற்சியாளர் மான்டி வில்லியம்ஸுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 78.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஒரே சீசனில் அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த கோடையில் அவர்கள் செய்தது பெரிய மாயமில்லை. டோபியாஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர், மாலிக் பீஸ்லி என்று அனுபவசாலிகள் மூவரைக் கொண்டுவந்தார்கள். பீஸ்லி மட்டும் அந்த சீசனில் தூரத்திலிருந்து எறிந்து 319 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டார். கன்னிங்காமுக்கு ஓட இடம் கிடைத்தது. 14 வெற்றி 44 ஆனது. இளைஞர்களை மட்டும் வைத்து அணியை நிரப்பினால் அவர்கள் வளர மாட்டார்கள், தோற்கப் பழகிக்கொள்வார்கள். பெஞ்சில் முப்பது வயதுக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதை வீண் செலவு என்று கேலி செய்பவர்களுக்கு இந்த ஒரு சீசன் போதும்.

அனுபவசாலிகள் வேண்டும் என்றதும் எதிர்காலத்தையே அடகு வைத்து வாங்கிவிடக் கூடாது. 2013-இல் புரூக்ளின் செய்தது அதைத்தான். வயதான கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் வாங்க பாஸ்டனுக்குப் பல ஆண்டு முதல் சுற்றுத் தேர்வுகளைத் தூக்கிக் கொடுத்தது. தோற்றாலும் லாபமில்லாத நிலை. அந்தத் தேர்வுகளின் வழியாக பாஸ்டனுக்கு ஜெய்லன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் வந்தார்கள், 2024-இல் கோப்பையும் வந்தது.

பயிற்சியாளரை மாற்றிக்கொண்டே இருப்பது இன்னொரு வியாதி. சாக்ரமென்டோ 16 சீசன் தொடர்ந்து பிளேஆஃப் பார்க்கவில்லை. அதற்குள் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் பத்துப் பேருக்குமேல் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். அவர்களில் மைக்கேல் மலோனை 2014 டிசம்பரில், முக்கிய வீரர் நோயில் படுத்திருந்த நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் டென்வருக்குப் போய் 2023-இல் கோப்பை வென்றார்.

சரி, ரசிகர்கள்? தோற்றால் ரசிகன் ஓடிவிடுவான் என்று நிர்வாகங்கள் பயப்படுகின்றன. என் பார்வையில் அந்தப் பயமே தப்பு. 2021 டிசம்பரில் ஓக்லஹோமா சிட்டி மெம்பிஸிடம் 152-79 என்று தோற்றது. 73 புள்ளி வித்தியாசம், என்பிஏ வரலாற்றிலேயே மிகப் பெரியது. ஆனாலும் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் என்ற ஒருவரை அந்த அணி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தப் பையன் இந்த வருஷம் எவ்வளவு முன்னேறியிருக்கிறான் என்று பார்க்கவாவது ரசிகனுக்கு ஒரு காரணம் மிச்சமிருந்தது. நாலு வருடம் முடிவதற்குள், 2025-இல், அதே அணி சாம்பியன். ஒட்டிக்கொள்ள ஒரு முகம்கூட இல்லாத அணிக்கு இலவச டி-சர்ட் கொடுத்தும் பயனில்லை.

சின்னச் சடங்குகளும் உதவும், ஆனால் களத்தில் ஏதாவது நடந்தால்தான். 2022-23-இல் சாக்ரமென்டோ ஒவ்வொரு வெற்றிக்கும் அரங்கின் கூரையிலிருந்து ஊதா நிற லேசர் ஒளியை வானத்துக்கு அனுப்பியது. அந்த சீசனில் 48 வெற்றி வந்ததால்தான் ஊரே அதைப் பற்றிப் பேசியது.

ரசிகன் மன்னிக்காதது தன்னை ஏமாற்றுவதை. காயமில்லாத நல்ல வீரரை ஆடவிடாமல் உட்காரவைத்துவிட்டு முழு விலைக்கு டிக்கெட் விற்பது அந்த வகை. 2023 ஏப்ரலில் இதற்காக டல்லஸுக்கு லீக் 7,50,000 டாலர் அபராதம் போட்டது.

அதே டல்லஸ் 2025 பிப்ரவரியில், முந்தைய ஆண்டு தன்னை இறுதிச் சுற்றுவரை கொண்டுபோன லூக்கா டோன்சிச்சை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு மாற்று வீரர்களை வாங்கிக்கொண்டது. ரசிகர்கள் அரங்கின் முன் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அடுத்த மாதமே நிர்வாகம் சீசன் டிக்கெட் விலையையும் ஏற்றியது! பிறகு 1.8 சதவீத வாய்ப்பே இருந்த லாட்டரியில் முதல் தேர்வு விழுந்து கூப்பர் ஃபிளாக் வந்தார். அப்படியும் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசனை நீக்கச் சொல்லும் கோஷம் அடுத்த சீசனிலும் அரங்கில் கேட்டுக்கொண்டே இருந்தது. நவம்பரில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.