மல்லாட்டைத் தோலால் தண்ணீரிலிருந்து சாயத்தை நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி வந்தால் போதும், எங்கள் கடலூர் லேபில் எம்.எஸ்சி. புராஜெக்ட் பிள்ளைகள் தண்ணீரில் கலந்த சாயத்தைப் பிடித்து நீக்கப்போவதாக ஆளுக்கொரு தூளோடு வந்து நிற்பார்கள். மல்லாட்டைத் தோல் (நிலக்கடலைத் தோல்தான்), சவுக்கு இலை, பண்ருட்டிப் பலாத் தோல், முந்திரி ஓடு. சாயம் மட்டும் எப்போதும் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம்தான். நான் அந்த வயதில் அடித்த கூத்தை ஒன்றுவிடாமல் திரும்ப அடிக்கிறார்கள். பாட்டிலில் லேபிள் ஒட்டு, தூளைச் சலித்துக்கொள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஃபில்டர் பேப்பரை நம்புவது

புதுவையில் படித்தபோது என் மல்லாட்டைத் தோல் தூள் 98 சதவீதம் சாயத்தை எடுத்தது. அரை கிராம் போட்டாலும் 98, இரண்டு கிராம் போட்டாலும் 98. அங்கேயே உறைத்திருக்க வேண்டும். நானோ பூரித்துப்போய் நாலு மாதம் கிராஃப் போட்டேன். வைவாவுக்கு வந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “தூளே போடாம வடிகட்டிப் பாத்தீங்களா தம்பி?”

அன்று சாயங்காலமே பார்த்தேன். வெறும் சாயக் கரைசலைப் பேப்பரில் ஊற்றினால், கீழே விழுந்த முதல் சொட்டுகள் கிட்டத்தட்ட நிறமே இல்லாத வெறும் தண்ணீர். பேப்பரின் மடிப்பெல்லாம் நீலம்.

பேப்பரும் செல்லுலோஸ்தானே. தண்ணீரில் அதன் பரப்பு லேசான எதிர்மின் சுமையோடு இருக்கும். மெத்திலீன் ப்ளூ நேர்மின் சுமை உள்ளது. மல்லாட்டைத் தோல் எந்தக் காரணத்தால் சாயத்தைப் பிடிக்கிறதோ, அதே காரணத்தால் பேப்பரும் பிடிக்கும். தூள் விட்டுவைத்த மிச்சத்தைப் பேப்பர் விழுங்க, அந்த மார்க்கையும் தூளுக்கே போட்டிருக்கிறேன். கரைசல் நீர்த்ததாக இருக்க இருக்கப் பொய் பெரிதாகும். அதனால் தூள் எவ்வளவு சாயம் பிடிக்கும் என்று கணக்கிடப் போடுகிற லாங்மியூர் கோடே வளைந்துபோகும். பார்க்க மட்டும் அழகாக இருக்கும்.

பேப்பரை விட்டுவிட்டு, வேகமாகச் சுற்றித் தூளை அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் திரும்பச் செய்தபோது அரை கிராமுக்கு எழுபது சொச்சம்தான் வந்தது. நாலு மாதமும் போச்சு, ஒரு செமஸ்டரும் போச்சு.

சென்ட்ரிஃபியூஜ் இல்லையென்றால் தூளை நன்றாகப் படியவிட்டு, மேல்தண்ணீரைப் பிப்பெட்டில் எடுங்கள். பேப்பரை விட்டால் வழியில்லை என்றால் முதலில் வடிவதைக் கொட்டிவிடுங்கள். தூள் போடாத சாயத்தையும் அதே பேப்பரில் வடித்து ரீடிங் எடுத்து வையுங்கள். போன வாரம் இதைச் சொன்னதற்கு ஒரு பெண், “எல்லாரும் பேப்பர்லதான் சார் வடிகட்டுறாங்க” என்றாள். அதுதான் எரிச்சல்.

அலசாத தூள்

பலாத் தோலையும் சவுக்கு இலையையும் வெந்நீரில் அலசாமல் போட்டால் நீலம் போய் டீத்தண்ணி வரும். அவற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் தண்ணீரில் இறங்குகிறது. நிறம் குறைந்தாலும் தண்ணீரில் கரிமப் பொருள் ஏறி சி.ஓ.டி. (அந்த அழுக்கை வேதி முறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) கூடிவிடும். வெறும் தண்ணீரில் தூளைக் கலக்கி எடுத்ததையும் ஒப்பிட்டுக் கழிக்க ஒரு பிளாங்காக வையுங்கள். முந்திரி ஓட்டில் எண்ணெய் வேறு இருக்கிறது, கை வெந்துவிடும். முந்திரி உடைக்கிற அம்மாக்கள் கையில் சாம்பல் பூசிக்கொள்வது சும்மா இல்லை.

ரீடிங்

மெத்திலீன் ப்ளூ ஒளியை அதிகம் உறிஞ்சும் 664 நானோமீட்டரில் உறிஞ்சல் அளவு (அப்சார்பன்ஸ்) 1-ஐத் தாண்டினால் நீர்க்க வைத்து எடுங்கள்.

பி.எச். (அமில, கார அளவு) மாற்றும்போது

காங்கோ ரெட் என்ற சிவப்புச் சாயம் கடும் அமிலத்தில் நீலமாகிவிடும். சிவப்பு குறைந்ததைப் பார்த்து “நீக்கம்” என்று நோட்டில் எழுதிவைத்தவரை எனக்குத் தெரியும். (நான்தான்.)

டிஸ்டில்டு வாட்டரை வைத்துச் சாயப்பட்டறையைப் பேசுவது

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் எதிர்மின் சுமை உள்ளது. கூடவே உப்பும் சோடாவும் சேர்ந்து தண்ணீர் நல்ல காரமாக இருக்கும். அதில் தூளின் பரப்பும் எதிர்மின்தான், ஒன்றையொன்று தள்ளிவிடும். மெத்திலீன் ப்ளூவில் வந்த 98-ஐத் தூக்கிக்கொண்டு போய் “பட்டறைக்கு ஆகும்” என்று முடிவுரையில் எழுதாதீர்கள். ஒரு கேன் நிஜக் கழிவுநீர் வாங்கி வந்து, உப்போடு காரத்தோடு போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வேலை முடிந்த தூள்

சிங்கில் கொட்டாதீர்கள். சாயம் மொத்தமும் அதற்குள்தான் இருக்கிறது.