ஆள்காட்டிக் குஞ்சு பொரிப்பதைக் கவனிப்பது எப்படி?

குஞ்சு பொரிப்பதைக் கவனிக்கத் தொடங்குபவர்களுக்குச் சிவப்பு மூக்கு ஆள்காட்டியே ஏற்ற பறவை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஏரிக்கரையிலும் தரிசிலும் விற்காத வீட்டு மனைகளிலும் வெறுந்தரையில் முட்டையிடும். 8x42 பைனாகுலர், நோட்டு, கடிகாரம், ஒலிப்பதிவுக்கு மொபைல் போதும்.

1. கூட்டைக் கண்டுபிடித்தல்

பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால், கூட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள். அங்கே தேடாதீர்கள், முட்டை கூழாங்கல் நிறம், மிதித்த பிறகுதான் தெரியும். வந்த வழியே 50 மீட்டர் பின்வாங்கி உட்காருங்கள். பறவை நேராகக் கூட்டுக்குப் போகாது. நடக்கும், நிற்கும், முட்டையில்லாத இடத்தில் அடைகாப்பதுபோல் அமர்ந்து ஏமாற்றும். அரை மணி நேரம் எழாமல் அமர்ந்த இடமே கூடு. அடையாளத்துக்கு அதற்கு நேர்ப் பின்னால் உள்ள கம்பத்தையோ பனையையோ குறித்துக்கொள்ளுங்கள். கூட்டருகே கல்லோ குச்சியோ நட்டால் காக்கைக்கும் கண்ணில் படும்.

2. நாள் கணக்கு

பெரும்பாலும் 4 முட்டை. கடைசி முட்டைக்குப் பிறகு 28 முதல் 30 நாள். இட்ட தேதி தெரியாவிட்டால் பரவாயில்லை, முட்டையை எண்ணப் போகாதீர்கள். காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

காலை 10 மணிக்குள் பார்த்து முடியுங்கள். மே மாத நண்பகலில் தாய் எழுந்துவிட்டால் முட்டை வெந்துவிடும். மார்பு இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைமேல் அமர்வதே அந்தச் சூட்டைத் தணிக்கத்தான். உங்களால் பறவை எழுந்து 10 நிமிடத்தில் திரும்பாவிட்டால், அன்றைக்குக் கிளம்பிவிடுங்கள்.

3. பொரிக்கும் நாளின் அறிகுறி

குஞ்சு முட்டைக்குள் இருக்கும் காற்றறையை அலகால் துளைத்து மூச்சுவிடத் தொடங்கியதும் உள்ளிருந்தே மெல்லக் கத்தும். 50 மீட்டரில் அது கேட்காது, ஆனால் தாயிடம் தெரியும்: அடிக்கடி எழும், தலை குனிந்து முட்டையையே பார்க்கும், மீண்டும் அமரும். பிறகு ஓட்டுத் துண்டை அலகில் கவ்விக்கொண்டு போனால் பொரித்துவிட்டது. ஓட்டின் உட்புற வெண்மை எதிரிக்குக் கூட்டைக் காட்டிக்கொடுக்கும் என்பதால்தான் அப்புறப்படுத்துகிறது. நேரத்தைக் குறியுங்கள்.

4. முதல் குரல்கள்

மைனாக் குஞ்சுபோல இரை கேட்டு வாய் பிளந்து கத்தாது. ஆள்காட்டிக் குஞ்சு தானே பொறுக்கித் தின்னும். கேட்பது பெரும்பாலும் பெற்றோரை விட்டு விலகும்போது எழுப்பும் மெல்லிய, கீச்சென்ற ஒற்றைக் குரல். தாய் அபாயக் குரல் கொடுத்த நொடியில் அதுவும் நின்று, குஞ்சு தரையோடு பதுங்கிவிடும். ஆகவே ஒன்றுமே கேட்கவில்லை என்றால் முதலில் உங்கள் தூரத்தைச் சந்தேகியுங்கள். காற்றில்லாத விடியலில் பதியுங்கள். பதிந்த குரலை அங்கே ஒலிக்கவிடாதீர்கள். தாய் குஞ்சுகளை விட்டுவிட்டு அதைத் தேடி வரும்.

5. கூடு காலியானால்

பதற வேண்டாம். இறகு உலர்ந்ததும் குஞ்சுகள் நடந்து வெளியேறிவிடும். அருகிலுள்ள புல், ஈரத்தரைப் பக்கம் பைனாகுலரைத் திருப்புங்கள். தாயின் வயிற்றடியில் கூடுதல் கால்கள் தெரிந்தால் குஞ்சுகள் உள்ளே இருக்கின்றன. தனியாகப் பதுங்கிய குஞ்சைக் கண்டால் எடுக்காதீர்கள், அது அனாதையல்ல. நீங்கள் விலகுவதற்காகப் பெற்றோர் காத்திருக்கின்றன.