உங்கள் ஊர்ப் பழைய கொலை வழக்கை எழுதுவது எப்படி

எல்லா ஊரிலும் இப்படி ஒரு கதை இருக்கும். முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் நடந்த ஒரு கொலை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள், சின்ன வயதில் "அந்தக் கிணத்துப் பக்கம் போகாத" என்று உங்களையும் மிரட்டி வைத்திருப்பார்கள். அதை எழுத ஆசை, எங்கே தொடங்குவது என்று பலர் கேட்கிறார்கள். பல வருடமாக இதே வேலையாகத் திரிகிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

எந்த வழக்கை எடுப்பது என்பதற்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான். செத்துப்போனவரைப் பற்றி, அவர் செத்த விதத்தை விட்டுவிட்டு, ஒரு பக்கம் எழுத முடியுமா? என்ன வேலை பார்த்தார், எந்தக் கடையில் பற்று வைத்திருந்தார், யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார், யார் மேல் பிரியமாக இருந்தார். முடியாது என்றால் இன்னும் தேடுங்கள். தேடியும் கிடைக்கவில்லையா, அந்த வழக்கை விட்டுவிடுங்கள். வெட்டியவனைப் பற்றிக் காகிதம் எப்படியும் கிடைக்கும், போலீஸும் கோர்ட்டும் அவனைப் பற்றித்தான் எழுதி வைத்திருக்கின்றன. வெட்டுப்பட்டவர் அதில் 'மேற்படி இறந்த நபர்' என்ற அளவில்தான் வருவார்.

அப்புறம் காகிதம். ஊர்ப்பேச்சைக் கேட்கப் போவதற்கு முன்பே தீர்ப்பைப் படித்துவிடுங்கள். செஷன்ஸ் வழக்கு எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது தெரியாவிட்டால் அன்றைய செய்தித்தாளில் தேதியைப் பிடித்து அங்கிருந்து வர வேண்டும். கோர்ட் நகல் பிரிவில், வழக்கில் சம்பந்தப்படாதவர் கேட்டால் காரணம் சொல்லி மனுப் போடச் சொல்வார்கள், ஆகவே உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்குப் போன வழக்கு என்றால் சட்ட இதழ்களில் தீர்ப்பு அச்சாகியிருக்கலாம், மெட்ராஸ் லா ஜர்னல் 1891-லிருந்து வருகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவதற்குப் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் போதும். 20 வருடத்துக்கு முந்தைய விஷயங்களுக்கு அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவு பெரும்பாலான தடைகளை நீக்கிவிடுகிறது. இதை மனுவிலேயே குறிப்பிட்டு எழுதுங்கள். வழக்குக் காகிதக் கட்டையே அழித்துவிட்டோம் என்று பதில் வந்தாலும் மனம் தளர வேண்டாம், அந்தப் பதிலையும் கோப்பில் வையுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்து வழக்கு என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம். பழைய பத்திரிகை, சின்னச் சின்ன அச்சுப் பிரசுரம் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், அல்லது கன்னிமாரா. ஒரு நாளில் ஒரு வேலை முடிந்தால் அதுவே பெரிது. சென்னைக்கு வெளியே இருக்கிறவர்கள் இரண்டு நாள் தங்குகிற மாதிரி போங்கள்.

ஒரு தீர்ப்போடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு லட்சுமிகாந்தன் வழக்கைத்தான் எப்போதும் சொல்வேன். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் அந்தப் பத்திரிகைக்காரரைக் குத்தினார்கள், மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945-ல் ஆயுள் தண்டனை பெற்றார்கள், ஐகோர்ட்டிலும் தோற்றார்கள். 1945-ஆம் வருடப் பேப்பரோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் அவர்களைக் கொலைகாரர்கள் என்று எழுதிவிடுவீர்கள். அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பி, 1947-ல் இரண்டு பேரும் விடுதலை ஆனது அடுத்த கட்டுக் காகிதத்தில்தான் இருக்கிறது. ஆகவே கடைசித் தீர்ப்பு எது என்று உறுதியாகத் தெரிகிற வரை ஒரு வரி எழுத வேண்டாம். விடுதலை ஆனவரை விடுதலை ஆனவர் என்றுதான் எழுத வேண்டும், ஊர் இன்னும் என்ன சொல்லிக்கொண்டிருந்தாலும் சரி.

இடத்தைப் போய்ப் பாருங்கள், அது அன்றைக்கு எப்படி இயங்கியது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1911 ஜூன் 17 காலையில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது ஏன் மணியாச்சியில்? அது ஜங்ஷன். திருநெல்வேலியிலிருந்து வந்த ஆஷ், கொடைக்கானல் போகிற வழியில், அடுத்த வண்டிக்காக அங்கே பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தார். ரயில் வழி புரியாமல் அந்தக் கொலை புரியாது. 1952 ஆளவந்தார் வழக்கும் அப்படித்தான். தலையில்லாத உடலோடு எழும்பூரில் ஏற்றிய டிரங்குப் பெட்டி போட் மெயிலில் மானாமதுரையில் கண்டுபிடிக்கப்படுகிறது, தலை ராயபுரம் கடற்கரையில் கிடைக்கிறது. அந்த வண்டி தனுஷ்கோடி வரை போய்க் கப்பலில் இலங்கைக்குத் தொடர்கிற வண்டி. தனுஷ்கோடியை அழித்த 1964 புயலுக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டால், பெட்டியை ஏன் அந்த வண்டியில் ஏற்றினார்கள் என்பதே விளங்காது.

பாட்டையும் தேடுங்கள். கொலைச்சிந்து என்று ஒன்று இருந்தது தெரியும்தானே, கொலை நடந்த கொஞ்ச நாளிலேயே காலணா அரையணாப் புத்தகமாக அச்சடித்துச் சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்பார்கள். தெற்கே வெட்டுப்பட்டவர் சாமியாகவே ஆகிவிடுவார், கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டில் கதை முழுக்க வரும். இதில் தேதியை நம்ப வேண்டாம். ஆனால் ஊர் யார் பக்கம் நின்றது, எதற்கு அழுதது என்பது எந்த எஃப்ஐஆரிலும் இல்லாமல் இதில் இருக்கும்.

ஆட்களிடம் பேசுவதுதான் இந்த வேலையின் உயிர். கொலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டு போகாதீர்கள். வருடத்தை நேராகக் கேட்டாலும் வராது, "எம்ஜிஆர் இறந்ததுக்கு முன்னாடியா பின்னாடியா?", "ஆடி அமாவாசை கழிஞ்சா?" என்று கேட்டால் டக்கென்று வரும், பஞ்சாங்கத்தை வைத்துத் தேதியாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு கிராமத்தில், தம்பியைப் பறிகொடுத்த ஒரு அம்மாவிடம் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அவர் தம்பியின் சடுகுடு ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினோம். நாலாவது தடவை, நான் கேட்காமலே உள்ளே போய் ஒரு பித்தளைத் தூக்குவாளியை எடுத்து வந்தார். அடியில் தம்பியின் இனிஷியல் வெட்டியிருந்தது. கைப்பிடியில் நூல் கட்டி ஒரு துண்டு அட்டை, அதில் மங்கின மையில் 'எம்.ஓ. 4'. வழக்கு முடிந்து கோர்ட்டிலிருந்து திருப்பிக் கொடுத்தபோது இருந்த அட்டை, முப்பத்தொரு வருடமாக அவிழ்க்கவில்லை.

"அன்னைக்குக் காலைல நான்தான் பழைய சோறு போட்டுக் குடுத்தேன் தம்பி" என்றார். "உப்பு போட மறந்துட்டேன்."

தீர்ப்பில் சான்றுப்பொருள் நாலு, 'பித்தளைப் பாத்திரம் ஒன்று'. நான் ஒன்றரை வருடம் அந்த வரியைத் தாண்டித் தாண்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சட்டம். ஆட்டோ சங்கர் ஜெயிலிலிருந்து எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிட முனைந்தபோது வந்த வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் நமக்கு அடிப்படை: கோர்ட் ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை, சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமலும் எழுதலாம். ஆவணத்தைத் தாண்டினால் அது உங்கள் பொறுப்பு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடவே கூடாது, இறந்துபோனவராக இருந்தாலும். முன்பு இ.பி.கோ. 228ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72. பெயரை மறைத்துவிட்டுத் தெருவையும் பள்ளிக்கூடத்தையும் எழுதினாலும் அதே குற்றம்தான்.

சட்டம் அனுமதிப்பதை எல்லாம் எழுத வேண்டும் என்றில்லை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் ஒரு வழக்கை எழுதினேன், ஆவணத்தில் இல்லாதது எதுவும் அதில் இல்லை. குற்றவாளியின் குடும்பம் பிற்பாடு எந்த ஊருக்குக் குடிபோனது, மகள் என்ன வேலை பார்க்கிறார் என்று மட்டும் கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன், கட்டுரை முழுமையாக இருக்கும் என்று நினைத்து. ஒரு மாதம் கழித்து அந்த மகள் போன் பண்ணினார், திட்டவில்லை. "சார், அப்பா பண்ணினது நடந்தப்ப எனக்கு அஞ்சு வயசு. நாங்க யாருன்னு இந்த ஊர்ல இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது" என்றார். அந்த இரண்டு வரியால் கட்டுரைக்கு ஒரு லாபமும் இல்லை. அன்றிலிருந்து, எழுதி முடித்ததும் உயிரோடிருக்கும் ஒவ்வொருவர் பெயரிலும் விரல் வைத்து, இவர் ஏன் இங்கே வருகிறார் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பக்கக் குடும்பத்துக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுகிறேன், சம்மதத்துக்காக இல்லை, கடையில் தொங்குகிற புத்தகத்தைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக.

வருமானத்தைப் பொறுத்தவரை, வேறு வேலை ஒன்று கையில் இருக்கட்டும். பஸ் செலவு, நகல் செலவு, ஜெராக்ஸ் எல்லாம் சொந்தக் காசு. எழுத்தில் வருவது அதை ஈடு கட்டினால் நல்ல வருடம். கனமான வழக்கு ஒன்று முடிந்ததும் ஒரு கோயில் வரலாறோ குளத்து வரலாறோ எழுதுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளையே தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தால் ராத்திரித் தூக்கம் போய்விடும்.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை அந்த ஊர்க் கிளை நூலகத்தில் கொடுங்கள். பின்னால் நாலைந்து வெள்ளைத் தாள் சேர்த்து பைண்டு பண்ணிக் கொடுங்கள். நான் அப்படிக் கொடுத்த ஒரு பிரதியைப் போன மாதம் புரட்டியபோது, கடைசித் தாளில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: 'கிணறு ரோட்டுக்கு வடக்கே இல்லை, மேற்கே. 1990-ல் தூர்த்துவிட்டார்கள். மோட்டார் ரூம் சுவர் இன்னும் இருக்கிறது.' மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். சுவர் இருந்தது. அடுத்த பதிப்புக்கு வரைபடத்தை மாற்றி வரைந்துகொண்டிருக்கிறேன்.